மேலேயும் கீழேயும் ரூட் மூன்று

பெண் பார்க்கப் போன அன்று நான் சொன்னது ஒரே ஒரு பொய். பீடி சிகரெட் கிடையாது என்றேன், அது நிஜம். பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நிற்கிறேன் என்றேன், அதுவும் நிஜம். "மாப்பிள்ளை எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று மாமனார் கேட்டார். "பத்தாவதுங்க" என்றேன். அங்கேயே வாயை மூடியிருக்கலாம். பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனவன்தானே நான். ஆனால் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் வாய்க்கு என்ன வந்ததோ, "கணக்குல எண்பதுங்க" என்று சேர்த்துவிட்டேன்.

வாங்கியது இருபத்தெட்டு. பாஸ் ஆக இன்னும் ஏழு வேண்டும். அந்த ஏழைத் தேடி நான் மறுபடி பள்ளிக்கூடப் பக்கம் போகவே இல்லை.

இருபத்திரண்டு வருடமாக அந்த எண்பது எங்கள் வீட்டில் கிரைண்டர் மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம் யார் வந்தாலும் என் மனைவி அதைத் துடைத்துக் காட்டுவாள். "எங்க ஊட்டுக்காரரு கணக்குல எண்பதுங்க. படிக்க வெச்சிருந்தா இஞ்சினியர் ஆயிருப்பாருங்க." நான் தலையைக் குனிந்துகொள்வேன். எவ்வளவு அடக்கம் பார் என்பார்கள்.

அவள் ஒன்பதாவதோடு நின்றவள். கல்யாணத்துக்குப் பிறகு நான் இருக்கும் கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்ந்தாள். தைத்து வருகிற பனியனை டியூப்லைட்டுக்கு அடியில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, டேப்பை வைத்து அளந்து, அளவு மாறியிருந்தால் ஒதுக்கி வைக்கிற வேலை. அவளுடைய கண்ணைப் பற்றிக் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு தடவை கைத்துளை கால் இஞ்ச் ஏறியிருக்கிறது என்று டேப்பைத் தொடாமலே சொன்னாள். வைத்துப் பார்த்தார்கள். கால் இஞ்ச்தான். வெட்டியவன் நான் என்பதால் அந்தச் சம்பவம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

செக்கிங் டேபிள்களுக்கு மேலே, தரத்துக்குப் பொறுப்பான க்யூ.சி. என்று ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்காரப் பத்தாவது சர்டிபிகேட் வேண்டும். சரக்கு வாங்குகிற பையர் ஆடிட்டுக்கு வந்தால் ஃபைலைத் திறந்து காகிதம் கேட்பான், கண்ணைக் கேட்கமாட்டான். அதற்காகவே அவள் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதினாள். மற்ற நான்கு பாடமும் முதல் தடவையிலேயே பாஸ். கணக்கில் மட்டும் முப்பத்தொன்று. அது என்னைவிட மூன்று அதிகம் என்பதை நான் மனதுக்குள் மட்டும் குறித்துக்கொண்டேன்.

"அக்கா, இந்தத் தடவை முடிச்சிருங்க" என்றார் மேனேஜர். "ரிசல்ட் வர்ற வரைக்கும் நாற்காலியை வெச்சிருக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லைங்க. வெளிய இருந்து ஆள் எடுத்துருவாங்க."

எங்கள் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவளிடம் ஃபோனில் கேட்டால் ஐந்து நிமிட வேலை. அம்மாக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. "பாஸான பொறவு பாப்பாகிட்டச் சொல்லிக்கலாமுங்க. எண்பதை ஊட்டுலயே வெச்சுக்கிட்டு நான் எதுக்கு வெளிய போறேன்? ஞாயித்துக்கெழமை ஒக்காந்து சொல்லிக் குடுங்க."

என் காது இரண்டும் இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடானது. "அதுக்கென்ன அம்மிணி, பாத்துக்கலாம்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. ஏதாவது அர்ஜன்ட் ஷிப்மென்ட் வந்து ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் போடவேண்டும். திருப்பூரில் பனியன் தைக்க ஆரம்பித்த நாளில் இருந்து ஞாயிறு ஷிஃப்டுக்காகச் சாமியிடம் கையேந்தியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சாமி அன்றைக்கு லீவு.

*

ஞாயிறு காலை பத்து மணி. கறி எடுத்துக் கொடுத்தாயிற்று, வெங்காயம் உரித்தாயிற்று, கேட்காமலே தண்ணீர்த் தொட்டியைக் கழுவியாயிற்று. வேறு வேலை இல்லை. தையல் மிஷின் மேல் பத்தாவது கணக்குப் புத்தகம் காத்திருந்தது. அடுத்த வீட்டுப் பெண் படித்து முடித்துக் கொடுத்த புத்தகம்.

"பாதிக்கு மேல எனக்கே புரியுதுங்க" என்றாள். "இந்தக் கோபுரக் கணக்குத்தான் போன தடவையும் கவுத்துருச்சு. படம் போட்டுருவேன், டேன் முப்பது வரைக்கும் வந்துருவேன். இந்த எடத்துல என்னமோ பண்ணியிருக்காங்க, என்ன பண்ணுனாங்கன்னு எழுதல."

எட்டிப் பார்த்தேன். ஒரு கோபுரம். அதன் அடியிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நின்று ஒருவன் உச்சியைப் பார்க்கிறான். பார்வை தரையிலிருந்து முப்பது டிகிரி மேலே போகிறது. கோபுரம் எவ்வளவு உயரம்? டேன் முப்பது என்றால் ஒன்றின் கீழ் ரூட் மூன்று. ஆகவே உயரம் 30/√3. இதுவரைக்கும் ஒரு வரிக்கு ஒரு வரி விளக்கம் இருந்தது. அடுத்த வரியில் திடீரென்று 10√3 என்று போட்டு, 17.32 மீட்டர் என்று முடித்துவிட்டார்கள். கீழே இருந்த ரூட் மூன்று எப்படி மேலே ஏறியது, முப்பது எப்படிப் பத்தானது, ஒரு சொல் கிடையாது. அது ஒன்பதாவதிலேயே தெரிந்திருக்க வேண்டிய சங்கதியாம்.

"ரூட் மூணுன்னா ஒண்ணு புள்ளி ஏழு மூணு ரெண்டுங்களாமா. அதால முப்பதை நேரா வகுத்தா வராதுங்களா?"

"வரும். பரீட்சைல கால்குலேட்டர் தருவாங்களா?"

"தரமாட்டாங்க."

"அப்பப் போட்டுப் பாரு."

போட்டோம். ஆளுக்கொரு காகிதம். முப்பதை 1.732-ஆல் நெடுவகுத்தலில் வகுப்பது என்றால் புள்ளியை எங்கே வைப்பது என்பதிலேயே எனக்கும் அவளுக்கும் தகராறு வந்தது. ஏழு வரவேண்டிய இடத்தில் நான் எட்டைப் போட்டு அடித்தேன், எட்டு வரவேண்டிய இடத்தில் அவள் ஏழைப் போட்டு அடித்தாள். கால் மணி நேரத்தில் எனக்கு வந்த விடை 1.9. மூன்று பனியனை நீளவாக்கில் வரிசையாக வைத்தாலே அந்தக் கோபுரத்தைவிட உயரமாக இருக்கும்.

"கீழ ரூட் இருக்கறப்ப வகுக்கக் கூடாது அம்மிணி. கீழ இருக்கற ரூட்டை மொதல்ல எடுக்கோணும்" என்றேன். இது எங்கிருந்தோ நினைவுக்கு வந்தது. முப்பது வருடம் முந்தி கரும்பலகைக்கு முன்னால் நின்று வாத்தியார் சொன்னதில் என் மண்டையில் தங்கியது ஒரே துண்டு: கீழே எதைப் போடுகிறாயோ அதையே மேலேயும் போடு. எதைப் போடுவது என்பது நினைவில் இருந்தது. எப்படிப் போடுவது என்பது போயே போய்விட்டது.

அந்த இடத்தை என் தொழில் நிரப்பியது. கட்டிங் டேபிளில் முப்பது வருடம் நின்றவனுக்குத் தெரிந்த சட்டம் இது: முன்பாகத்துக்குத் தையலுக்கு அரை இஞ்ச் விட்டால் பின்பாகத்துக்கும் அதே அரை இஞ்ச். இல்லாவிட்டால் இரண்டும் சேராது. ஆக, மேலேயும் ஒரு ரூட் மூன்றைக் கூட்டு, கீழேயும் ஒரு ரூட் மூன்றைக் கூட்டு. எவ்வளவு நியாயமாக இருக்கிறது! கையில் சாக்பீஸ் இல்லாத குறையாக அவளுக்கு விளக்கினேன்.

"தையலுக்கு விடறோமல்ல? அதே மாதிரி. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் ஒரே அளவு கூட்டோணும்."

"ஓ" என்றாள். எழுதிக்கொண்டாள். மேலே 30 + √3. கீழே √3 + √3, அதாவது 2√3. அப்புறம் பேனாவைக் கடித்தாள். "புத்தகத்துல பத்து ரூட் மூணுன்னு இருக்குதுங்க. நமக்கு இப்படி வருது?"

"புத்தகத்துல சுருக்கி எழுதியிருக்கான். ரெண்டும் ஒண்ணுதான்."

பொய் சொல்வதில் ஒரு சுகம் உண்டு. முதல் பொய்க்குத்தான் பயப்படவேண்டும். அதற்குப் பிறகு வருகிறவை எல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். அன்று மதியம் கறிச்சோறு தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

*

அடுத்த ஞாயிறு. பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தது. அவள் ஒரு நோட்டை என் மடியில் வைத்தாள். வாரம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனியிலேயே உட்கார்ந்து போட்டிருக்கிறாள். கோபுரம், கலங்கரை விளக்கம், மின்கம்பம், தென்னை மரம். கீழே ரூட் வந்த இடத்தில் எல்லாம் என் வழிப்படி மேலேயும் கீழேயும் கூட்டி, நான்கு பக்கம், அழகான கையெழுத்தில்.

"எல்லாம் தப்பா வருதுங்க" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"அளந்து பார்த்தனுங்க."

அவளுடைய தொழில் புத்தி அது. விடை வந்ததும் அவள் நிற்கவில்லை. ஃபோனை எடுத்து இரண்டையும் தட்டிப் பார்த்திருக்கிறாள். முப்பதை ரூட் மூன்றால் வகுத்தால் 17.32. நாங்கள் கூட்டி வைத்ததைத் தட்டினால் 9.16.

"பதினேழு மீட்டர் கோபுரம் ஒம்பது மீட்டர் ஆயிருச்சுங்க. தண்ணீல போட்டு எடுத்த பனியனாட்டம் சுருங்கிப் போச்சு." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நாலு நாளா உக்காந்து பார்த்துட்டேன். எங்க தப்பு பண்றேன்னே தெரியல. நீங்க சொன்னது தப்பா இருக்காது. எண்பது வாங்குனவரு. எனக்குத்தான் மண்டையில ஏறல. பரவாயில்லைங்க, பரீட்சைல நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டு வந்துடறேன். திருத்தறவங்களுக்குப் புரியும்."

இதைக் கேட்டபோது எனக்கு வந்தது பயம் இல்லை. பயம் எனக்கு நன்றாகப் பழகியது, அது வந்தால் காது சுடும். இப்போது காது சுடவில்லை. கால் இஞ்ச் மாறினாலும் கண்ணாலேயே பிடிக்கிறவள். பிடித்தும்விட்டாள். டேப் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. என் எண்பதை நம்பி, தன் டேப்பைத் தப்பு என்று ஒதுக்கி வைத்துவிட்டாள். அந்தப் பொய்யோடு அவள் பரீட்சைக்குப் போனால், கோபுரக் கணக்குக்கான மார்க் மொத்தமும் போகும். போன தடவை நான்கு மார்க்கில் போனவள்.

"அம்மிணி" என்றேன்.

"சொல்லுங்க."

"எண்பது இல்லை."

"எது?"

"கணக்குல. எண்பது இல்லை. இருபத்தெட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு பீஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளே, அதே பார்வை.

"நீங்க பாஸே ஆகலையா?"

"இல்லை."

"பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு..."

"கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. வாயில வந்துருச்சு."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்தாள், மூடினாள். நான் தையல் மிஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஜோக்குகள் எல்லாவற்றையும் மனதில் புரட்டிப் பார்த்தேன், அந்த நேரத்துக்கு ஆகிறது ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். கையில் டேப் இருந்தது.

"அப்ப நான் அளந்தது தப்பு இல்லை" என்றாள்.

"இல்லை."

"நாலு நாளா என்னை நானே முட்டாள்னு திட்டிட்டு இருந்தேன்." டேப்பால் என் முட்டியில் ஓர் அடி. வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் அடித்தாள். "இருபத்தெட்டு! எனக்கே முப்பத்தொண்ணு. என்னைய விடக் கொறச்சலு!"

"தெரியும். போன வருசமே கணக்குப் போட்டுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கியபடியே நோட்டை இழுத்தாள். "செரி. கூட்டுனா அளவு மாறுது. அப்ப மாறாம இருக்கறதுக்கு என்ன பண்ணோணும்?"

சின்னதாகப் பார்க்கலாம் என்று அவளே பாதியை எடுத்தாள். ஒன்றின் கீழ் இரண்டு. மேலேயும் கீழேயும் ஒன்றைக் கூட்டினால் இரண்டின் கீழ் மூன்று. அரைத் தோசையில் ஆரம்பித்து முக்காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "பார்த்தீங்களா? கூட்டுனா அங்க சுருங்குச்சு, இங்க வளருது."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தட்டிய இடமும் பள்ளிக்கூடம் இல்லை. என் கட்டிங் டேபிள்.

பனியன் துணிக்கு இரண்டு விதமாக விடுவோம். தையலுக்கு விடுவது ஒன்று. அது அரை இஞ்ச் என்றால் அரை இஞ்ச், பெரிய சைஸானாலும் சின்ன சைஸானாலும் அதேதான். துவைத்தால் சுருங்குமே, அதற்கு விடுவது இன்னொன்று. அதை யாரும் இஞ்ச் கணக்கில் விடமாட்டார்கள். நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்கு ஆறு என்றுதான் விடுவார்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் சுருக்கம் வேறுவேறாக வருவது உண்டு. அன்று இரண்டுக்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"உடம்பு நீளம் இருபத்தெட்டு, அகலம் இருபதுன்னு வை. ரெண்டுக்கும் ரெண்டு இஞ்ச் கூட்டுனா முப்பது, இருபத்திரண்டு. குட்டையா, பெட்டி மாதிரி ஆயிரும். நூத்துக்கு அஞ்சு விட்டா?"

அவள் போட்டாள். "இருபத்தொம்பது புள்ளி நாலு. இருபத்தொண்ணு."

"நீளத்தை அகலத்தால வகுத்துப் பாரு."

தட்டினாள். "ஒண்ணு புள்ளி நாலு." பழையதையும் தட்டினாள். இருபத்தெட்டின் கீழ் இருபது. "இதுவும் ஒண்ணு புள்ளி நாலு! மாறவே இல்லீங்க."

"நூத்துக்கு அஞ்சு விடறதுன்னா என்ன? ரெண்டையும் ஒரே எண்ணால பெருக்கறது."

பாதிக்கு மேலேயும் கீழேயும் இரண்டால் பெருக்கினாள். இரண்டின் கீழ் நான்கு. அதே பாதி. பிறகு பேனாவை எடுத்து, மெதுவாக, 30/√3-க்கு மேலே ஒரு ரூட் மூன்றும் கீழே ஒரு ரூட் மூன்றும் போட்டாள். நடுவில் பெருக்கல் குறி. மேலே 30√3. கீழே ரூட் மூன்றும் ரூட் மூன்றும் பெருகி மூன்று. முப்பதில் மூன்று பத்து முறை. 10√3.

"வந்துருச்சுங்க" என்றாள். சத்தமே இல்லாமல்.

இனி வகுக்க ஒன்றும் இல்லை. 1.732-ஐப் பத்தால் பெருக்கவேண்டும். புள்ளியை ஓரிடம் தள்ளினால் முடிந்தது. பதினேழு புள்ளி மூன்று இரண்டு. போன ஞாயிறு இரண்டு பேர், இரண்டு காகிதம், கால் மணி நேரம் சண்டை போட்டும் ஏற முடியாத கோபுரம் அது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அவள் ஒரு செக்கிங்காரியாக 1.732-ஐ 1.732-ஆல் பெருக்கி ஃபோனில் பார்த்தாள். 2.999824. "மூணு வரல, கொஞ்சம் கொறையுது" என்றாள். இன்னும் சில இலக்கம் சேர்த்து 1.7320508 என்று தட்டினாள். 2.9999 என்று ஒன்பதுகள் நீண்டன. எத்தனை இலக்கம் சேர்த்தாலும் மூன்றைத் தொடவில்லை, தொடுவதற்கு ஒரு முடி இடம் மிச்சம் வைத்தது. எழுதி முடியாத எண் அது. எங்கள் வீட்டில் இருந்து ஊத்துக்குளி வரைக்கும் காகிதத்தை விரித்து எழுதிக்கொண்டே போனாலும் முடியாது. அப்பேர்ப்பட்ட எண்ணுக்குப் பக்கத்தில் அதையே நிற்க வைத்துப் பெருக்கினால் மூன்று. கொஞ்சம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. குழந்தை விரல் விட்டு எண்ணுகிற மூன்று. இதைப் பள்ளிக்கூடத்தில் என் கண் முன்னால்தான் எழுதிப்போட்டிருக்கிறார்கள். நான் அப்போது ஜன்னல் வழியாக வடை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டியில் வாங்கிய அடி அந்த நேரத்தில் வலிக்கவில்லை.

*

அதற்குப் பிறகு அவள் விடவில்லை. பரீட்சை வரைக்கும் தினமும் பொழுதோடு வீட்டுக்கு வந்து, அடுப்பில் குக்கர் ஏறியதும் நோட்டை விரித்தாள். இப்போது நாங்கள் வாத்தியாரும் மாணவியும் இல்லை. இரண்டு ஃபெயில். ஒருவர் மார்க்கை இன்னொருவர் சொல்லிச் சொல்லிக் கேலி செய்துகொண்டு போட்டோம். "ஏனுங்க இருபத்தெட்டு, இதைப் பாருங்க" என்பாள். "என்னம்மிணி முப்பத்தொண்ணு?" என்பேன்.

புதன்கிழமை அவள் பயிற்சிக் கணக்கில் ஒன்றைக் காட்டினாள். கீழே இரண்டு ரூட்டுகள், நடுவில் கழித்தல். 1/(√3 − √2).

"இதுக்கு எதாலங்க பெருக்கறது?"

ரூட் மூன்றால் பெருக்கினோம். கீழே மூன்று வந்தது, கூடவே ரூட் ஆறு என்று புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. அதையே, ரூட் மூன்று கழித்தல் ரூட் இரண்டையே, வைத்துப் பெருக்கினோம். ஐந்து வந்தது, பக்கத்தில் ரூட் ஆறு இரண்டாகி நின்றது. நான் பேனாவை மூடிவிட்டேன். பழைய பயம் காதில் ஏறியது. "இது வராது அம்மிணி. விட்டுரு. ரெண்டு மார்க்தான்."

"இருங்க." அவள் கழித்தல் குறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க கழிச்சதை அங்க கூட்டுனா?"

பெருக்கினாள். ரூட் மூன்றும் ரூட் மூன்றும் மூன்று. அடுத்தது ஒரு ரூட் ஆறு, கூட்டலில். அதற்கு அடுத்ததும் ரூட் ஆறு, கழித்தலில். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. கடைசியில் ரூட் இரண்டும் ரூட் இரண்டும் இரண்டு, கழித்தலில். மூன்றில் இரண்டு போக ஒன்று.

ஒன்று. கீழே இருந்த அவ்வளவு அடைசலும் போய், வெறும் ஒன்று. மேலே மிஞ்சியது √3 + √2.

அதாவது, இரண்டு எண்ணின் வித்தியாசத்தால் வகுக்கச் சொன்னார்கள். விடை அதே இரண்டு எண்ணின் கூட்டுத்தொகை. நான் நம்பவில்லை. இப்போது ஃபோனை எடுத்தது நான். 1.732-இல் 1.414 போக 0.318. ஒன்றை அதால் வகுத்தால் 3.144 சொச்சம். கூட்டினால் 3.146.

"ரெண்டு பாயின்ட் கடைசில மாறுது" என்றேன்.

"நாம கடைசி இலக்கத்தை வெட்டிட்டுத்தானே போட்டோம். டாலரன்ஸுக்குள்ளதாங்க இருக்குது, இந்த அளவு மாறலாம்" என்றாள். குக்கர் நான்காவது விசில் அடித்தது. மூன்றாவதில் இறக்க வேண்டியது. பருப்பு அன்றைக்குக் கூழாகிவிட்டது. அதையே ஊற்றிச் சாப்பிட்டோம்.

மறுநாள் கட்டிங் டேபிளில் ஒரு சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்தேன். பக்கம் இருபது இஞ்ச். மடிப்பை அளந்தேன். இருபத்தெட்டேகாலுக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கொஞ்சத்தை என் டேப்பால் சொல்ல முடியாது, எந்த டேப்பாலும் முடியாது. அது இருபது ரூட் இரண்டு. முப்பது வருடமாக இந்த மடிப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதி முடியாத எண் ஒன்று என் உள்ளங்கைக்கு அடியில் இஸ்திரி போட்ட மாதிரி படுத்துக் கிடந்திருக்கிறது.

துணி விரிக்க வந்த பீகார்க்காரர், "மாஸ்டர், க்யா ஹுவா, என்ன ஆச்சு? துணி டேமேஜா?" என்றார்.

"இல்லைப்பா. துணி சரியாத்தான் இருக்குது."

*

பரீட்சை அன்று அவளை டி.வி.எஸ்.-இல் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டேன். ஹால் டிக்கெட்டை மூன்று தடவை பார்த்தாள். பேனா இரண்டு, ஸ்கேல் ஒன்று. பழக்கத்தில் பைக்குள் டேப்பும் இருந்தது. அதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றேன். பரீட்சை அவளுக்கு, வயிற்றுப்போக்கு எனக்கு. இரண்டு தடவை பக்கத்து டீக்கடைக்காரரிடம் வழி கேட்டு ஓடினேன். மூன்றாம் தடவை அவரே, "ஏனுங்க, பரீட்சை எழுதறது உங்க புள்ளைங்களா?" என்றார்.

"சம்சாரமுங்க."

அவர் ஒரு டீ போட்டார். காசு வாங்கவில்லை.

டேப்பைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தேன். அவள் கூட்டிவிடுவாளோ? ஒரு வாரம் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் கையில் பழக்கியிருக்கிறாள், கை பழையபடி போய்விடுமோ? போனால் அந்த மார்க்குக்குப் பொறுப்பு நான். என்னை நானே மேலேயும் கீழேயும் பெருக்கிப் பார்த்தேன். என்ன செய்தாலும் இருபத்தெட்டுதான் வந்தது.

மணி அடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில், அவர்களைப் பெற்றவள் மாதிரி, கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

"கோபுரம் வந்துச்சா?"

"கலங்கரை விளக்கமுங்க. அறுபது மீட்டர் தள்ளி. டேன் முப்பது."

"அறுபதின் கீழ் ரூட் மூணு."

"ஆமாங்க."

"என்ன பண்ணுனே?"

"கூட்டிட்டேன்."

டேப் என் கையிலிருந்து விழுந்து உருண்டது. அவள் குனிந்து அதை எடுத்துச் சுற்றினாள். முழுவதும் சுற்றி முடிக்கிற வரைக்கும் பேசவில்லை.

"இருபது ரூட் மூணு. முப்பத்திநாலு புள்ளி ஆறு நாலு மீட்டருங்க. பேப்பர் ஓரத்துல மறுபடி ரூட் மூணால பெருக்கியும் பார்த்துட்டேன். அறுபது வந்துச்சு." டேப்பைப் பைக்குள் போட்டாள். "இருபத்திரண்டு வருசம் ஏமாத்துனீங்கல்ல. ஒரு நிமிசம் பயப்படட்டும்னு சொன்னேன்."

ரிசல்ட் வந்த அன்று சாப்பாட்டு இடைவேளையில் ஃபோனை என்னிடம் கொடுக்கவில்லை. நம்பரைத் தானே அடித்தாள், பிறந்த தேதியைத் தானே போட்டாள். அறுபத்துமூன்று. முதலில் மகளுக்கு ஃபோன் போட்டாள். மறுமுனையில் அந்தப் பெண் போட்ட கூச்சல் செக்கிங் டேபிள் முழுக்கக் கேட்டது. மேனேஜர் வந்து கையெழுத்துப் போடும் காகிதத்தை நீட்டினார். நாற்காலி அங்கேயே இருந்தது.

டேபிளில் இருந்த ஒரு அக்கா கேட்டார். "ஊட்டுக்காரர் சொல்லிக் குடுத்தாருங்களா? கணக்குல எண்பதுன்னு சொல்லுவீங்களே."

நான் கட்டிங் செக்‌ஷன் பக்கம் நழுவப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"ஆமாங்க. அவரு இல்லீன்னா சுருக்கத்துக்கு எப்படி விடறதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

எண்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் க்யூ.சி. நாற்காலியில் உட்கார்ந்து அவள் முதலில் அளந்தது என் டேபிளில் வெட்டிப் போன லாட். மூன்றாவது பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தோள்பட்டையில் டேப்பை வைத்தாள்.

"மாஸ்டர்" என்று கூப்பிட்டாள், கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரி. "அளவு மாறிருச்சுங்க."

போய்ப் பார்த்தேன். கால் இஞ்ச்.